கத்திரி வெயில், மாடி வீடு, இரண்டு கிலோ கேழ்வரகு

வைகாசி முகூர்த்தம் நெருங்கும்போது ஒரு நாளைக்கு மூன்று ப்ளவுஸாவது நான் முடித்தாக வேண்டும். அதே சமயத்தில்தான் பள்ளிக்கூடத்துக்கும் லீவு விடுகிறார்கள். சத்துவாச்சாரியில் எங்களுடையது மாடி வீடு; மண் தரை என்பது பேச்சுக்குக்கூடக் கிடையாது. மொட்டைமாடி உண்டு, ஆனால் காலை 9 மணிக்கு மேல் அங்கே செருப்பில்லாமல் நிற்க முடியாது. வேலூர் வெயிலைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டு வயது நிறைய இன்னும் இரண்டு மாதம். தையல் மெஷின் ஓடும்போது வீடு அமைதியாக இருந்தால் எனக்குச் சந்தோஷம் வராது, எழுந்து ஓடுவேன். அமைதி என்றால் சின்னவன் எதையோ வாயில் போட்டிருக்கிறான்.

போனைக் கொடுத்தால் வேலை நடக்கும். கொடுத்தும் பார்த்தாயிற்று. திரும்ப வாங்கும்போதுதான் ரணகளம். ப்ளவுஸ் அளவு கொடுக்க வந்த ஒரு அக்கா, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர், அவர்தான் 'சென்ஸரி ப்ளே' என்ற பேரை முதலில் சொன்னார். தொட்டு, பிசைந்து, கொட்டி, முகர்ந்து, சத்தம் கேட்டு விளையாடுவதாம். ஏதோ கடையில் வாங்கும் பெரிய சாமான் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து என் மாமியார், "இதுக்கு இங்கிலீஷ்ல பேர் வேற வெச்சிருக்காங்களா? நாங்க மண்ணுல வெளையாடுறதுன்னு சொல்லுவோம்" என்றார்.

சரி, இந்த ஒரு மாதத்தில் எது ஓடியது, எது சொதப்பியது என்று எழுதி வைக்கிறேன். மண் இல்லாத வீட்டில் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

முதல் நாளே சொதப்பல். வீடியோவில் வெள்ளைத் தட்டு நிறைய ஏழு நிறத்தில் அரிசி. பார்த்து மயங்கி, ஒரு கிலோ அரிசியை நான்காகப் பிரித்து, கேசரி பவுடரும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் விட்டுக் குலுக்கி, பேப்பரில் உலர்த்தினேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் சின்னவன் கை எப்போதும் எச்சில் கை. ஐந்தாவது நிமிடம் அவன் உள்ளங்கை, வாய், தலையணை உறை, நான் வெட்டி வைத்திருந்த லைனிங் துணி எல்லாம் ஆரஞ்சு. லைனிங் என் கைக்காசு. அதுகூடப் பரவாயில்லை. அத்தை வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏம்மா, அரிசிய கால்ல மிதிக்க உட்டுருக்கியே, இன்னா கூத்து இது?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். களத்தில் சிந்தின நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கினவர் அவர். சாயம் ஏறின அரிசியை மாடியில் குருவிக்குக்கூடப் போட முடியாதே என்பதுதான் அவருக்குப் பெரிய வருத்தம். பிள்ளைகள் விளையாடியது பதினைந்து நிமிடம். நான் குனிந்து பெருக்கி, பாயை உதறி, கட்டிலுக்கு அடியில் கை விட்டுத் துழாவியது முக்கால் மணி நேரம்.

அன்றைக்குத்தான் உறைத்தது. சாமானுக்கு ஆகும் துட்டு பெரிய விஷயமே இல்லை. எடுத்து வைக்க ஆகும் நேரம்தான் செலவு. அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டேன். ஒன்றில் விளையாடிய நிமிடம், இன்னொன்றில் எடுத்து வைத்த நிமிடம். இரண்டாவது முதலாவதைத் தாண்டினால் அந்த விளையாட்டு எங்கள் வீட்டில் மறுபடி கிடையாது.

ஆக, முதல் வேலை வரப்பு கட்டுவது. கணவரின் சிநேகிதர் கல்யாணத்துக்கு அடித்த ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று மழைக்குத் தண்ணீர்த் தொட்டியை மூடக் கிடந்தது. எட்டுக்கு ஆறு அடி. சோப்புப் போட்டுக் கழுவி, அச்சுப் பக்கம் தரையைப் பார்க்க விரித்தேன். மாப்பிள்ளை முகத்தின் மேல் பிள்ளைகள் உட்காருவது எனக்கு என்னமோ போல் இருந்தது, சாயமும் கையில் ஒட்டக் கூடாது. நான்கு மூலையையும் அட்டைப் பெட்டி மடிப்பது போல மடித்துத் துணி கிளிப் போட்டால் ஒரு சாண் உயரத்துக்குச் சுற்றிலும் சுவர் எழும்பிவிடும். அதற்கு நடுவே சின்னவனைக் கைக்குழந்தையில் குளிப்பாட்டின டப். சிந்துவதெல்லாம் பேனருக்குள்ளேயே நிற்கும். முடிந்ததும் இரண்டு கிளிப்பைக் கழற்றி, பேனரைப் புனல் மாதிரி குவித்து டப்பாவில் கொட்டினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. இந்த ஒன்று இல்லாமல் மற்ற எதையும் தொடங்க வேண்டாம் என்பேன்.

டப்பில் எதைக் கொட்டுவது என்பதற்கு விடை அத்தையிடமிருந்துதான் வந்தது. களி கிண்ட வாங்கி வைத்த கேழ்வரகு இரண்டு கிலோ இருந்தது. "காலால மிதிக்காம டப்புலயே வெளையாடட்டும். அப்புறம் பொடச்சு, கழுவிக் காய வெச்சு மாவு அரைச்சிக்கலாம்" என்றார். வீணாகாது என்று தெரிந்ததும் அவரே பாதிக் கூட்டாளி ஆகிவிட்டார்.

கேழ்வரகுக்கு ஒரு குணம் உண்டு, அரிசிக்கு அது கிடையாது. கடுகு மாதிரி சின்ன உருண்டை மணி. கையை உள்ளே விட்டால் தண்ணீர் மாதிரி விலகி, மணிக்கட்டு வரை குளிர்ச்சியாக மூடிக்கொள்ளும். விரலை விரித்தால் சல்லென்று ஒழுகும். எவர்சில்வர் தட்டில் உயரத்திலிருந்து விட்டால் மழைச் சத்தம், பிளாஸ்டிக் மூடியில் விட்டால் வேறு சத்தம், துணியில் விட்டால் சத்தமே இல்லை. மகள் இந்த மூன்றையும் மாற்றி மாற்றி அரை மணி நேரம் போட்டுப் பார்த்தாள். சின்னவன் முதல் பத்து நிமிடம் ஒன்றும் செய்யவில்லை, கையைப் புதைத்துக்கொண்டு சும்மா இருந்தான். 'இப்படிக் கொட்டு, அப்படிப் பிடி' என்று சொல்ல வாய் வந்தது. நல்லவேளை, வாயில் ஊசி நூல் இருந்தது.

அப்புறம் அத்தை பரணிலிருந்து ஆழாக்கு, உழக்கு, அரைப்படி மூன்றையும் இறக்கினார். பல வருடமாக அங்கே தூங்கின சாமான்கள். புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். தலை தட்டி அளப்பது எப்படி என்று மகளுக்குக் காட்டினார்: நிரப்பி, குவிந்து நிற்பதை உள்ளங்கை ஓரத்தால் ஒரே வழி வழிப்பது. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு அரைப்படி என்பதை யாரும் சொல்லாமலே மகள் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததும் நம்பவில்லை, நான்கைந்து தரம் அளந்து பார்த்துவிட்டு, "ஆயா, எப்பவுமே ரெண்டுதானா?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் முறமும் வந்தது. புடைப்பது அவளுக்குக் கை வரவில்லை, பாதி மூஞ்சியில் விழுந்தது. கொழிப்பது, அதாவது முறத்தைச் சாய்த்து மெல்ல அசைத்துப் பிரிப்பது, கொஞ்சம் வந்தது. நோட்டில் அன்றைய கணக்கு: விளையாடியது ஐம்பது, எடுத்து வைத்தது நான்கு.

ஒரு விஷயத்தில் நான் கண்ட கனவு பொய். பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு நிம்மதியாக மெஷின் ஓட்டலாம் என்றுதான் இதை ஆரம்பித்தேன். மகள் மட்டும் இருந்தால் முடியும். சின்னவனும் சேர்ந்தால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும். அதனால் மெஷின் வேலையை அவன் தூங்கும் நேரத்துக்குத் தள்ளிவிட்டு, ஹெம்மிங், ஹூக் வைப்பது போன்ற கைவேலையை விளையாட்டு நேரத்துக்கு வைத்துக்கொண்டேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன், ஊசி டப்பா என் மடியில், மூடி போட்டு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அது நடந்தது. பத்தாம் நாள் இருக்கும். கேழ்வரகு அலுத்துவிட்டதோ என்று நானாக நினைத்துக்கொண்டு, ஒரு கிண்ணம் பச்சைப் பயறை அதில் கலந்தேன்; சல்லடையில் பிரித்து விளையாடட்டும் என்று. பத்து நிமிடம் நன்றாகப் போயிற்று. ஹூக்கை முடிச்சுப் போடக் குனிந்து நிமிர்ந்தேன். சின்னவன் மூக்கைச் சுளித்துக்கொண்டு என்னையே பார்க்கிறான். அழவில்லை. வலது பக்க மூக்கில் பச்சையாக ஒரு புள்ளி தெரிகிறது.

கையில் ஊக்கு இருந்தது. நோண்டி எடுக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். அத்தைதான் கையைப் பிடித்தார். தண்ணீர் விட்டுக் கழுவவும் கூடாது. பயறு ஊறினால் உப்பிக்கொள்ளும். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அங்கே வரிசையில் எங்களுக்கு முன்னால் யார், பின்னால் யார் என்றே ஒழுங்கில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு. உள்ளே போனதும் டாக்டர் சாமான் எதையும் எடுக்கவில்லை. என்னைப் பிள்ளையின் வாயோடு வாய் வைத்து இறுக மூடச் சொன்னார். அடைக்காத பக்க மூக்கை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரே ஊதாக ஊதச் சொன்னார். இரண்டாவது ஊதில் பயறு சளியோடு என் கன்னத்தில் வந்து விழுந்தது. எல்லாருக்கும் எல்லா நேரமும் இது வேலை செய்யாது, வராவிட்டால் கருவி போட்டு எடுப்போம் என்றார். இன்னொன்றும் சொன்னார்: பயறு காத்திருக்கும், ஆனால் பேசும் பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பட்டன் பேட்டரி மூக்கிலோ வயிற்றிலோ போனால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது, உள்ளே புண்ணாக்கிவிடும், அதைச் சொல்லிக்கொண்டே உள்ளே ஓடி வர வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் இஞ்ச் டேப்பை எடுத்தேன். பொம்மைகளைச் சோதிக்கும் முறையில் சுமார் 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய் உண்டு. அதற்குள் முழுதாக இறங்கும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆகாது. அந்த அளவுக்கு அட்டையைச் சுருட்டி ஒரு குழாய் செய்து மெஷின் மேல் வைத்திருக்கிறேன். வீட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பயமாக இருக்கும். புளியங்கொட்டை, சோழி, கோலிக்குண்டு, பேனா மூடி, என் பாபின் எல்லாம் இறங்குகிறது. கேழ்வரகும்தான் இறங்கும்; அது தொண்டையை அடைக்கிற அளவு இல்லை என்றாலும் மூக்கு, காது இரண்டையும் முடிந்ததும் பார்த்துவிடுவேன். பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, பாசிமணி எல்லாம் மகளுக்கு மட்டும், அதுவும் தம்பி தூங்கும்போது.

பழைய வீடுகளில் பல்லாங்குழிக்குக் குன்றிமணி வைத்திருப்பார்கள். எங்கள் பரணிலும் ஒரு டப்பா இருந்தது. சிவப்பும் கறுப்புமாகப் பார்த்தாலே கை போகும், ஆனால் கடித்து உடைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான விஷம். ஆமணக்கு விதையும் அப்படியே. அத்தை மனசில்லாமல்தான் கொடுத்தார், தூக்கிப் போட்டேன். தண்ணீரில் போட்டால் பெரிதாகும் கலர் கலர் ஜெல் பாலைப் பத்து, இருபது ரூபாய்க்கு விற்கிறார்கள், அதையும் வீட்டுக்குள் விடவில்லை. விழுங்கினால் அது வயிற்றுக்குள்ளேயும் பெரிதாகிக் குடலை அடைக்கும்.

அதற்குப் பதில் சப்ஜா விதை. வெயில் காலத்தில் சர்பத்துக்குப் போடுகிறோமே, அதுதான். இரண்டு ஸ்பூன் விதைக்கு ஒரு சொம்பு தண்ணீர், கால் மணி நேரம். ஒவ்வொரு விதையும் கண்ணாடிச் சட்டை போட்டுக்கொண்டது மாதிரி ஆகிவிடும். வழவழவென்று கையில் நிற்காமல் நழுவும். சின்னவனுக்கு முதலில் அருவருப்பு, ஒரு விரல் நுனியை மட்டும் வைத்து எடுத்தான். கட்டாயப்படுத்தவில்லை. ஒரு கரண்டி கொடுத்தேன், கரண்டியால் கிளறினான். மூன்றாம் தடவை முழங்கை வரை விட்டான். ஒரு வாய் தின்றாலும் கவலை இல்லை. ஆனால் ஒன்று, தலைமுடியில் பட்டுக் காய்ந்தால் பசை மாதிரி. நோட்டில்: விளையாடியது இருபத்தைந்து, எடுத்து வைத்தது இருபது. குளிக்கப் போவதற்கு முன்னால் மட்டும் என்று முடிவு செய்தேன். ஜவ்வரிசியை வேகவைத்தும் செய்தேன், கிளறிக்கொண்டே இருந்ததில் எல்லாம் கரைந்து கஞ்சி ஆயிற்று. பாயசம் வைத்துக் குடித்தோம்.

தண்ணீர் விளையாட்டுக்கு வேலூரில் கணக்குப் பார்த்துத்தான் விட வேண்டும். 'தண்ணி இல்லாத ஆறு' என்று பாலாற்றை வைத்துப் பழமொழியே சொல்கிற ஊர். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடினதை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலத்திலிருந்து பார்த்தோம் என்று சொன்னால் அவள் இப்போது நம்ப மாட்டாள். அரை பக்கெட் தண்ணீர், அவ்வளவுதான். பாத்ரூமில் டப், இரண்டு ஸ்பாஞ்ச், ஒரு டீ வடிகட்டி, கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகிற ஒரு பழைய சொம்பு. ஸ்பாஞ்சைப் பிழிந்து ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றை நிரப்புவதுதான் விளையாட்டு. பிழிந்து பிழிந்து மகளின் கைக்கு நல்ல பலம் வந்ததோ என்னவோ, பாட்டில் மூடியை இப்போது அவளே திறக்கிறாள். முடிந்த தண்ணீர் செடிக்கு. டப்பில் தண்ணீர் இருக்கும் வரை நான் காலிங் பெல்லுக்குக்கூட எழுந்து போகவில்லை. இரண்டு அங்குலத் தண்ணீரில்கூட இந்த வயதுப் பிள்ளை மூழ்கிவிடும்.

மதியம் மூன்று மணிக்கு ஐஸ். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, சங்குப்பூவும் செம்பருத்தி இதழும் போட்டு இரவே ஃப்ரீஸரில் வைத்தேன். மறுநாள் டம்ளரை வெளியே தண்ணீரில் காட்டினால் கட்டி நழுவி வந்துவிடும். அதன் மேல் கல்லுப்பைத் தூவினால் குழி குழியாக உருகும், காது வைத்துக் கேட்டால் படபடவென்று சத்தம். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் சங்குப்பூ நீலம் ஊதா ஆகும். கத்திரி வெயிலில் இதை விட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியவில்லை. எடுத்து வைப்பதற்கு ஒன்றுமே இல்லை, தானே உருகிப் போய்விடுகிறது.

மாவு பற்றிக் கொஞ்சம் விரிவாக. கடையில் விற்கும் களிமண் டப்பா சின்னவன் கையில் ஒரு நாள் தாங்காது. வீட்டில் செய்தது இப்படி: ஒரு டம்ளர் மைதா, அரை டம்ளர் பொடியுப்பு, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. எல்லாவற்றையும் வாணலியில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிண்ட வேண்டும். முதலில் கூழ், அப்புறம் திடீரென்று சுருண்டு கரண்டியோடு வரும். கொழுக்கட்டை மாவு கிண்டத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பதம் சொல்லாமலே தெரியும். இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்தால் சப்பாத்தி மாவை விட மிருது. நான் முதல் தடவை அடுப்பில் வைக்காமல் பச்சையாகவே பிசைந்தேன், பச்சை மாவு பிள்ளைகள் வாயில் போகக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. அது மறுநாளே பிசுபிசுத்தும் போயிற்று. வேகவைத்தது மூடி போட்ட டப்பாவில், ஃப்ரிஜ்ஜில், இரண்டு வாரம் இருந்தது. வெளியே அரை மணி வைத்தால் நம் ஊர் அனல் காற்றுக்கு வெடித்துவிடும். ஈரக் கையால் பிசைந்தால் சரியாகிவிடும். உப்பு ரொம்ப அதிகம், தின்னும் பிள்ளைக்கு இது ஆகாது. நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுகிற கட்டத்துக்கு வந்த பிறகுதான் சின்னவனுக்குக் கொடுத்தேன்.

நிறத்துக்கு ஒரு பாதியில் பீட்ரூட் சாறு, ஒரு பாதியில் மஞ்சள் தூள். மஞ்சள் உருண்டையை மகள் வைத்திருந்தாள். நடுவில் கை கழுவப் போனவள் சோப்பைச் சரியாக அலசாமல் ஓடி வந்து அதை அழுத்தினாள். அழுத்தின இடத்தில் அவள் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்தன. வீறிட்டாள். ரத்தம் என்று நினைத்துவிட்டாள். நானும் ஒரு கணம் பதறிப்போய் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிவப்பு ஓரத்திலிருந்து மங்கி மறுபடி மஞ்சளானது. மாவில்தான் எலுமிச்சை இருக்கிறதே.

அத்தை ஒரே வார்த்தைதான் சொன்னார்: "ஆரத்தி."

அதேதான். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறது, சோப்புக்கும் அதே வேலை. ஆனால் சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது, கண்ணில் பட்டால் போயிற்று. சமையல் சோடா போதும். வெள்ளை லைனிங் துண்டுகளை மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயவைத்தேன். ஒரு மூடியில் சோடா கரைத்த தண்ணீர், ஒரு மூடியில் எலுமிச்சைச் சாறு, இரண்டு காது குடையும் பட்ஸ். சோடா தொட்டு எழுதினால் செம்மண் நிறத்தில் கோடு, எலுமிச்சை தொட்டால் அழிகிறது. நாற்பது நிமிடம் மகள் வாயைத் திறக்கவில்லை. முதல் எழுத்து 'அ', அப்புறம் தம்பியின் பேர், அப்புறம் அதை எலுமிச்சையால் அழித்து ஒரே சிரிப்பு. அந்தத் துணிகள் இப்போதும் கொடியில் தொங்குகின்றன.

கார்ன் ஃப்ளவர் ஒரு தடவை. இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு தண்ணீர். குத்தினால் கல், விட்டால் ஒழுகும் தண்ணீர். பெரியவர்கள்தான் அதிகம் விளையாடினோம், கணவர் கையை எடுக்கவே இல்லை. மிச்சத்தை சிங்க்கில் ஊற்றினது என் முட்டாள்தனம். அடியில் போய்க் கட்டியாகி நின்றுவிட்டது. பைப்பைக் கழற்றிக் குச்சி விட்டு எடுக்க அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. தட்டிலேயே காயவிட்டால் பொடியாகிவிடும், பெருக்கிக் குப்பையில் போடலாம். நோட்டில் எடுத்து வைத்த நேரம்: ஒரு நாள்.

எனக்கு மிகவும் பிடித்தது தொட்டுத் தடவிப் பார்க்கிற பலகை. கணவர் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு. அங்கே தோல் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கழிவில் போகும். கேட்டு இரண்டு வாங்கி வந்தார். ஒன்று வழவழப்பானது, இன்னொன்று அடிப்பக்கம் மேலாக வருகிற சூயட், பூனைக் காது மாதிரி. என்னிடம் ஆரணிப் பட்டுப் ப்ளவுஸ் வெட்டின மிச்சம், சரிகைக் கரையோடு. அத்தையின் டிரங்குப் பெட்டியிலிருந்து மாமனாரின் குடியாத்தம் கைலியில் ஒரு முழம். எடுத்துக் கொடுக்கும்போது அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்தார், நான் பார்க்காதது போல் இருந்தேன். கோணிச் சாக்கு, தேங்காய் நார், முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் கூடு, 120 நம்பர் உப்புத்தாள். எல்லாம் ஒன்றரைக்கு இரண்டு அடி ப்ளைவுட் துண்டில், உள்ளங்கை அகலக் கட்டங்களாக.

வெள்ளைப் பசையில் துணி நன்றாக நின்றது. தோல் நாலாம் நாளே வெயிலுக்கு ஓரம் தூக்கிக்கொண்டது. கணவர் சிரித்தார், "தோலுக்கு சொல்யூஷன்தான் போடணும், ரெண்டு பக்கமும்." பலகையிலும் தோலின் பின்பக்கத்திலும் மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் சும்மா விட்டு, விரலில் ஒட்டாமல் இழுக்கிற பதம் வந்ததும் வைத்து ஒரே அழுத்து. வைத்த பிறகு நகர்த்த முடியாது, அதனால் பென்சில் கோடு முக்கியம். மூலையில் சுத்தியலால் தட்டினார். நாற்றம் போக மூன்று நாள் மொட்டைமாடியில் கிடந்தது, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. உப்புத்தாளின் கூர் விளிம்பை மடித்து ஒட்டினேன். கீழ் வரிசையில் ஒரு ஜிப், ஒரு வெல்க்ரோ, ஒரு பிரஸ் பட்டன். பட்டனை எட்டு சுற்று நூல் போட்டுத் தைத்தேன், தினமும் ஒரு தரம் இழுத்தும் பார்ப்பேன்.

ஷூ மேல்பாகத் தோல் பெரும்பாலும் குரோம் உப்பு போட்டுப் பதனிடுவது, வாயில் வைக்கிற சரக்கு இல்லை. அதனால் தோல் இரண்டும் மேல் வரிசையில், சின்னவன் கை எட்டும், வாய் எட்டாத உயரத்தில். பலகையைச் சுவரில் அடித்த அன்றே அவன் கேழ்வரகு டப்பாவை நகர்த்தி, மேலே ஏறி, சூயட்டை நக்கினான். பலகை இன்னும் அரை அடி மேலே போனது.

கணவர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "வட ஆற்காடு மாவட்டம் மொத்தமா இருக்கே" என்றார். நிஜம்தான். ஆரணி 1989இலேயே திருவண்ணாமலையோடு போய்விட்டது, ராணிப்பேட்டை 2019இல் தனி மாவட்டம் ஆயிற்று, பலகையில் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மகள் கட்டங்களுக்கு ஊர்ப் பேரையே வைத்துவிட்டாள். கண்ணைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு, "ஆரணி எங்க?" என்று கேட்டால் தடவித் தடவிக் கண்டுபிடிப்பாள். குடியாத்தமும் ஆரணியும் அடிக்கடி மாறிப்போகும். சரிகை தட்டுப்பட்டதும் திருத்திக்கொள்வாள். சாக்குக்கு ஊர் இல்லையே என்று கவலைப்பட்டாள். "அது மண்டித் தெரு" என்றார் அத்தை.

அணைக்கட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் கொண்டு வந்தார்; 2023இல் புவிசார் குறியீடு வாங்கின காய். காம்பு முழுக்க முள். அதையும் பலகையில் ஒட்டு என்று மகள் ஒரே பிடிவாதம். காம்பை வெட்டி ஒட்டினோம், மூன்று நாளில் சுருங்கி உதிர்ந்தது. ஆனால் அதைத் தொட்டுப் பார்த்த விதம் எனக்கு மறக்காது. மற்ற எல்லாவற்றையும் உள்ளங்கையால் தேய்ப்பவள், இதை மட்டும் ஆள்காட்டி விரலின் ஓரத்தால், மூச்சைப் பிடித்துக்கொண்டு. சின்னவன் அவளைப் பார்த்துத் தானும் விரலை நீட்டி, தொடுவதற்கு முன்பே "ஆ" என்றான்.

மொத்தச் செலவு 400 ரூபாய்க்குள். அதில் கேழ்வரகுதான் பெரிய பங்கு, அதையும் புடைத்துக் கழுவி, மாடியில் இரண்டு நாள் காயவைத்து, பாதியை மாவாக்கிக் களி கிண்டித் தின்றாயிற்று. மீதி பாதி காய்ந்த வேப்பிலையோடு டப்பாவில் இருக்கிறது. பள்ளி திறந்தாலும் சாயங்காலம் அது இறங்கும்.

நேற்று ஒரு முகூர்த்தப் ப்ளவுஸ், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொடுக்க வேண்டும். நான்கு மணிக்கு மெஷின் கீழ் நூல் எடுக்கவில்லை. ஊசியை மாற்றினேன், நூலை மாற்றினேன், எண்ணெய் விட்டேன். கடைசியில் பாபின் கேஸைக் கழற்றித் தலைகீழாகத் தட்டினால் மூன்று கேழ்வரகு உருண்டு விழுந்தது. சின்னவன் ஓடி வந்து பொறுக்கி, எண்ணெய்க் கையோடு, ஒவ்வொன்றாக ஆழாக்கில் போட்டான்.